கேள்வி கேட்டால் தெய்வக் குற்றமா?

'சாமி நிஜமாவே இருக்காராம்மா? நீ பார்த்திருக்கியா?'

விளக்கேற்றும் நேரத்தில் பிள்ளை இப்படிக் கேட்டுவிட்டால், நமக்குப் பகீரென்கிறது. 'அபசாரம்... அப்படியெல்லாம் பேசக் கூடாது' என்று வாயை அடைத்துவிடுகிறோம். ஆனால், இதே கேள்வியோடு அலைந்த ஓர் இளைஞர்தான் பின்னாளில் சுவாமி விவேகானந்தர் ஆனார்!

அப்போது அவர் பெயர் நரேந்திரன். கல்கத்தாவில் கல்லூரி மாணவர். மேலைநாட்டுத் தத்துவ நூல்களைக் கரைத்துக் குடித்தவர். பிரம்ம சமாஜத்தின் பெரியவர் தேவேந்திரநாத் தாகூரிடம், கடவுளைக் கண்டிருக்கிறீர்களா என்று கேட்டார். 'உனக்கு யோகியின் கண்கள்' என்று பாராட்டினாரே தவிர, அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை.

1881-ல் ஸ்ரீராமகிருஷ்ணரின் அறிமுகம் கிடைத்தது. தட்சிணேஸ்வரம் சென்று அவரிடமும் அதே கேள்வி. 'கண்டிருக்கிறேன், உன்னைக் காண்பதைவிடத் தெளிவாக' என்றார் குருதேவர், தயக்கமே இல்லாமல்!

உடனே நம்பிவிட்டாரா நரேந்திரன்? இல்லை, சோதித்தார். காசைத் தொட்டாலே குருதேவரின் உடல் தாங்காது என்பார்கள். ஒருநாள், அவர் இல்லாத நேரத்தில் படுக்கைக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒளித்து வைத்தார். வந்து அமர்ந்த குருதேவர் வலியில் துடித்து எழுந்தார். விஷயம் தெரிந்தும் கோபிக்கவில்லை. காசைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல, தன்னையும் சோதித்தே ஏற்க வேண்டும் என்பதுதான் சீடர்களுக்கு அவர் சொன்ன அறிவுரை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குரு கண்டது குருவுக்கு நிச்சயம். கேட்டவருக்கு அது வெறும் செய்திதான். பக்கத்து வீட்டார் சாப்பிட்டால் நம் பசி தீருமா?

1884-ல் நரேந்திரனின் தந்தை காலமானார். கடன், வீட்டில் பட்டினி. 'காளியிடமே கேள்' என்று அனுப்பினார் குருதேவர். மூன்று முறை சந்நிதிக்குப் போயும் பணம் கேட்க நா எழவில்லை. விவேகம், வைராக்கியம், ஞானம், பக்தி இவற்றையே வேண்டினார். உருவ வழிபாட்டை மறுத்தவர், அன்று அன்னையைத் தானே உணர்ந்தார்! ஆனாலும், 1886-ல் குருதேவரின் இறுதி நாட்களில்கூட, அவர் மனதில் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்ததாக வரலாறு சொல்கிறது.

அவருக்கே அப்படியென்றால், நம் வீட்டுப் பிள்ளை கேட்பதில் என்ன தவறு? 'நான் கண்ணால பார்த்ததில்லை கண்ணா... ஆனா, விளக்கேத்தி நிக்கறப்ப மனசுக்கு ஒரு தைரியம் வருது. நீயும் நின்னு பாரு' என்று உள்ளதைச் சொல்லுங்கள். உணராததை உணர்ந்ததாகச் சொல்ல வேண்டாம், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த வெள்ளிக்கிழமை, அவர்களையும் அருகில் நிறுத்தி விளக்கேற்றுங்கள். கையும் கூப்பட்டும்; கேள்வியும் கேட்கட்டும்!