டூப்ளே துரை அந்தத் தொப்பியைப் போட்டதே இல்லை

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பழைய சாமான் வாங்கி விற்கிறவர்களிடம் ஒரு கதை பல வருடமாக உலவுகிறது. குழாய் மாதிரி உயரமாக, கறுப்பாக, பளபளவென்று ஒரு பட்டுத் தொப்பி எங்கே கிடைத்தாலும், "இது டூப்ளே துரை போட்டது, செஞ்சிக் கோட்டையிலிருந்து வந்தது" என்று சொல்லிவிடுகிறார்கள். சிலர் டூப்ளேவுக்குப் பதில் கிளைவ் என்பார்கள். விலையை லட்சத்தில் சொல்வார்கள். படித்தவர்களே இதை நம்பி முன்பணம் கொடுப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆண்டுக் கணக்கைப் பாருங்கள், போதும். டூப்ளே புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னராக இருந்தது 1742 முதல் 1754 வரை. 1763இல் பாரிசில் இறந்துபோனார். ஆங்கிலேயத் தளபதி கிளைவ் இறந்தது 1774இல். இந்த உயரக் குழாய்த் தொப்பி ஐரோப்பாவில் பரவியதே 1790களில்தான். அப்போதும் அது பட்டு அல்ல, பீவர் என்ற நீர்விலங்கின் ரோமத்தை அழுத்திச் செய்தது. பட்டுத் தொப்பி அதை ஓரங்கட்டியது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். செஞ்சியைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தது 1750இல், ஆங்கிலேயரிடம் இழந்தது 1761இல். அதற்கு முந்தைய ஆண்டு வந்தவாசியில் மோதிக்கொண்ட இரு தரப்பு அதிகாரிகளும் அணிந்தது விளிம்பை மூன்று பக்கமும் மேலே மடித்த தொப்பி. பிறக்கவே இல்லாத தொப்பியை டூப்ளே எப்படிப் போட்டிருப்பார்? இந்தச் சின்னக் கணக்கைப் போட ஒருவருக்கும் பொறுமை இல்லையா?

தொப்பியைக் கவிழ்த்துப் பார்த்தாலே அது தன் வயதைச் சொல்லிவிடும். உள்ளே வெள்ளை சாட்டின் துணியில், செய்த கடையின் பெயரும் தெருவும் பொன்னெழுத்தில் அச்சாகியிருக்கும். நெற்றி படும் இடத்தில் தோல் பட்டை. அதைச் சற்றே விலக்கினால் சில தொப்பிகளில் சொந்தக்காரர் பெயரின் முதலெழுத்துகள் தெரியும். பக்கவாட்டில் விரலை ஓட்டினால் சாய்வாக ஒரு தையல் தட்டுப்படும். அதன்மேல் பட்டு மயிரை வாரி விட்டிருப்பதால் கண்ணுக்கு லேசில் அகப்படாது. நான் பார்த்த ஒன்றில் அந்தப் பொன்னெழுத்தை யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள். சாட்டின் நூல் பிரிந்து, எழுத்துகளின் அடிக்கால் மட்டும் மிஞ்சியிருந்தது. லண்டன் கடைப் பெயர் இருந்தால் டூப்ளே கதை நிற்காது அல்லவா? இது வியாபாரம் இல்லை, சான்றை அழிக்கிற வேலை.

உண்மைக் கதை இதைவிடச் சுவையானது. தொப்பியின் எலும்புக்கூடு அரக்கில் ஊறவைத்த பருத்தித் துணி. நம் ஊரில் மர சாமானுக்கு ஸ்பிரிட்டில் கரைத்துப் பாலிஷ் போடுகிறார்களே, அதே அரக்கு. இந்தியக் காடுகளில் பூச்சி சுரப்பது, கப்பலேறிப் போனது. அந்தத் துணியை மரக்கட்டையில் பல அடுக்காக உருவேற்றி, மேலே பிரான்ஸில் நெய்த நீளமயிர்ப் பட்டைச் சுற்றிச் சூட்டிரும்பால் தேய்ப்பார்கள். அரக்கு இளகிப் பட்டைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பட்டை இன்று யாரும் நெய்வதில்லை. அதனால்தான் நல்ல நிலையில் உள்ள பழைய தொப்பிக்கு லண்டனில் கிராக்கி, தலையளவு பெரிதாக இருந்தால் இன்னும் அதிகம். அந்த விலைக்கு டூப்ளே தேவையில்லை.

மற்றக் கட்டுக்கதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர் எல்லாரும் இதைப் போட்டுக்கொண்டுதான் இங்கே வெயிலில் திரிந்தார்கள் என்பது தவறு. வெயிலுக்கு அவர்கள் போட்டது நெட்டியில் செய்த சோலா தொப்பி. மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டுகிற அதே நெட்டிதான். பட்டுத் தொப்பியில் பாதரச விஷம் இருக்கும் என்பதும் தவறு. பாதரசம் ரோமத் தொப்பிக்காரர்களைத்தான் நாசம் செய்தது. 1797இல் லண்டனில் முதன்முதலாகக் குழாய்த் தொப்பியைப் போட்டவரைக் கைது செய்தார்கள் என்ற கதை நூறு வருடம் கழித்து அச்சில் வந்தது, நம்பாதீர்கள். தேங்காயெண்ணெய் தடவினால் பளபளக்கும் என்கிறவர்கள் தயவுசெய்து கையை வைக்காதீர்கள், பட்டு மயிர் ஒட்டிப் பாழாகும். தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைத்தால் அரக்கு இளகி உருவம் கெடும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தொப்பிப் பெட்டிக்குள் கிடக்கும் ரசீது, கடிதம், அழைப்பிதழ் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டுத் தொப்பியை மட்டும் பத்திரப்படுத்துகிறார்கள். அது யாருடையது, எப்போது வந்தது என்று சொல்லக்கூடியது அந்தக் காகிதம்தான். டூப்ளே காலத்துப் புதுச்சேரியை நாளுக்கு நாள் நாம் அறிவது அவருடைய துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பால். அதுவும் ஒரு வீட்டில் கிடந்த காகிதம்தான். 1846இல் கலுவா மோம்ப்ரேன் என்பவர் அதைத் தேடிப் பிடித்துப் படியெடுக்காமல் போயிருந்தால் கரையான் தின்றிருக்கும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படிப் பெட்டி இருந்தால், கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் காகிதங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலோ விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். தொப்பியை விற்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.