விளம்பரம் சொல்லும் அழகும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும்



நமது அறக்கட்டளையின் திருமண உதவி விண்ணப்பத்தில் பெண்ணின் நிறத்தைக் கேட்கும் கட்டம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனாலும் விண்ணப்பம் கொண்டுவரும் உம்மாமார்களில் பலர், நாம் கேட்காமலே, "பிள்ளை கொஞ்சம் நிறம் கம்மி, அதனாலே பவுன் கூட்டிக் கேக்காங்க" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார்கள். படிப்பையோ குணத்தையோ ஓதலையோ பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. கைக்கூலி ஹராம் என்று எத்தனை ஜும்ஆவில் பேசினாலும், நிறத்துக்கு ஒரு விலை, அதை ஈடுகட்ட இத்தனை பவுன் என்ற கணக்கு மட்டும் சந்தடியில்லாமல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இந்தக் கணக்கை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்பதே இம்மாதப் பாடம்.

சிவந்த நிறத்தின் மேல் ஆசை விளம்பரத்தோடு வந்ததல்ல. கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ பால் கொடுத்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று சொன்ன பாட்டிமார்கள் தொலைக்காட்சி பார்த்தவர்கள் அல்லர். ஆனால் அன்று அது ஓர் ஆசையாக மட்டும் இருந்தது. அதைக் கடையில் வாங்கக்கூடிய சரக்காக மாற்றியது 1975-இல் இந்துஸ்தான் லீவர் கொண்டுவந்த 'ஃபேர் அண்ட் லவ்லி'. 1998-இல் சென்னையின் கெவின்கேர் நிறுவனம் 'ஃபேர்எவர்' என்று போட்டிக்கு வந்தது. சின்னச் சின்ன சாஷேக்களில் வந்துவிட்டதால், பெட்டிக்கடை இருக்கும் கிராமம் வரைக்கும் கிரீம் போய்ச் சேர்ந்தது.

அந்த விளம்பரங்களில் ஒன்றை மட்டும் பாடமாக எடுத்துக்கொள்வோம். வீட்டில் வருமானம் போதவில்லை. எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால் என்று வாப்பா பெருமூச்சு விடுகிறார், மகள் காதில் விழுகிறது. அவள் கிரீம் பூசுகிறாள், நிறம் மாறுகிறது, விமானப் பணிப்பெண் வேலை கிடைக்கிறது, பெற்றோரைக் காபி குடிக்க அழைத்துப் போகிறாள். பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். சற்று நிறுத்தி யோசித்தால், மகள் என்பவள் மகன் இல்லாத குறை என்று ஒன்றும், அந்தக் குறையை அவள் போக்குவது முகத்தால்தான் என்று மற்றொன்றுமாக இரண்டு செய்திகள் அதற்குள் இருக்கின்றன. அந்தப் பெண் என்ன படித்தாள் என்று விளம்பரம் சொல்லவே இல்லை! அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் முறையிட்டதன் பேரில் 2003-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இவ்வகை விளம்பரங்களைத் தடுத்தது. கருத்த நிறம் உள்ளவர்களைக் கவலையோடு இருப்பவர்களாகவும், வேலையிலும் திருமணத்திலும் பின்தங்கியவர்களாகவும் காட்டக்கூடாது என்று விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் விதி வகுத்தது.

2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு உலகமெங்கும் நிறவெறிக்கு எதிராகப் போராட்டம் எழுந்தபோது, அந்த கிரீமின் பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. அதே ஆண்டு ஜூன் மாதம் ஷாதி டாட் காம் தன் பக்கத்தில் இருந்த நிறத் தெரிவை எடுத்துவிட்டது. பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் 'சிவப்பு' இருந்த இடத்தில் இப்போது 'பொலிவு' என்றும் 'பளிச்' என்றும் எழுதியிருக்கிறது. வாங்குபவருக்கு அது என்னவென்று தெரியும், விற்பவருக்கும் தெரியும்.

சினிமா இதைச் சிரிப்பாக்கியது. 2007-இல் வந்த 'சிவாஜி' படத்தில் அங்கவை, சங்கவை என்று இரு பெண்களுக்கு முகத்தில் கரி பூசியதுபோல் வேடமிட்டு நகைச்சுவைக்கு நிறுத்தினார்கள். அவை பாரி வள்ளலின் மகள்களுக்கு வழங்கிவரும் பெயர்கள். பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் பாடலே இருக்கிறது. பாரி இறந்தபின் கபிலர் அவர்களை மணம் முடித்துவைக்க அரசர் வாசல்தோறும் அழைத்துப் போனார் என்பது வரலாறு. புலமையுள்ள அந்தப் பெண்களின் பெயரை, நிறத்துக்காகத் தட்டிக்கழிக்கப்படும் பெண்களுக்கு வைத்துச் சிரிக்க வைத்துவிட்டார்கள். அந்த ஆண்டு பள்ளிக்கூடத்தில் கருத்த பிள்ளைகளைச் சக பிள்ளைகள் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

சீரியல்கள் வேறொரு பாடம் நடத்துகின்றன. 2021-இல் தொடங்கிய 'சுந்தரி' போன்று கருத்த பெண்ணை, அதுவும் கலெக்டராக விரும்பும் பெண்ணை, நாயகியாக வைத்த தொடர்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் மருமகள் மாமியார் வீட்டில் அழுதுகொண்டும் பொறுத்துக்கொண்டும் இருப்பவள், அல்லது சதி செய்பவள். நமக்குப் பக்கத்தில் காயல்பட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மணமான பெண் தாய் வீட்டிலேயே இருப்பதும், மாப்பிள்ளை அங்கு வருவதும் தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். மாமியாரோடு ஒரு அடுப்பில் சமைக்காத வீட்டுப் பெண்களும் இன்று சீரியல் மாமியாரை மனதில் வைத்துக்கொண்டு சம்பந்தி வீட்டாரைப் பார்க்கிறார்கள். நம் வாழ்க்கையில் இல்லாத சண்டையைத் தினமும் அரை மணி நேரம் பார்த்தே பழகிக்கொள்கிறோம். (இதை எழுதும் நம் வீட்டிலும் இஷாவுக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்கத்தான் செய்கிறது!)

ஆண்பிள்ளைகளும் தப்பவில்லை. 2005-இல் ஆண்களுக்கென்றே 'ஃபேர் அண்ட் ஹேண்ட்ஸம்' வந்தது, ஷாருக் கான் விளம்பரத்தில் நடித்தார். இப்போது வயிற்றில் ஆறு கட்டு இல்லாதவன் ஆணே இல்லை என்று கைபேசி சொல்கிறது. ஆலோசனை கேட்காமல் பவுடரும் ஊசியும் எடுத்துக்கொள்ளும் வாலிபர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். கைபேசிக் கேமராவோ கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கிவிடுகிறது. அந்தப் படத்தைத்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிறோம். நேரில் வந்தவர்கள் படத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்க்கும்போது அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்!

நிக்காஹுக்கு முன் பெண்ணைப் பார்த்துக்கொள்ள மார்க்கம் அனுமதித்திருக்கிறது, அழகை விரும்புவதும் குற்றமல்ல. ஆனால் நிறத்தை வைத்து மதிப்புப் போடுவது அறியாமைக் காலத்துக் குணம். அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைக் கொண்டு பழித்தபோது, அந்தக் குணம் இன்னும் உம்மிடம் மிச்சமிருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். மக்கா வெற்றியின்போது கஅபாவின் மேல் ஏறி பாங்கு சொல்ல அழைக்கப்பட்டவர் அபிசீனிய வம்சத்து பிலால் (ரலி) அவர்கள். பிலால் என்று பிள்ளைக்கு ஆசையாகப் பெயர் வைக்கிறோம், அந்த நிறத்தில் மருமகள் வந்தால் மட்டும் முகம் சுளிக்கிறோம்.

இதெல்லாம் மனவருத்தத்தோடு நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை, உடம்பையும் கெடுக்கிறது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். காரணம் பாதரசம். தோலுக்குக் கருமை தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது, அதனால் சில நாட்களிலேயே முகம் வெளுக்கிறது. பூசியது தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. அதன் ஆவியை அதே அறையில் தூங்கும் கைக்குழந்தையும் சுவாசிக்கிறது. நல்லவேளையாக, கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு நோய் குறைந்திருக்கிறது.

மலப்புரத்தைப் போலவே நம் வீடுகளுக்கும் வளைகுடாப் பெட்டியில் கிரீம் வருகிறது, தெரிந்தவர் மூலமும் வருகிறது. நம் நாட்டுச் சட்டப்படி முகக் கிரீமில் பாதரசம் சேர்க்கவே கூடாது. எனவே வீட்டில் இருக்கும் டப்பாவை எடுத்துப் பாருங்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும். மெர்குரி, கலோமல், மெர்குரஸ் குளோரைடு என்ற சொற்களில் ஏதாவது இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும் என்று எழுதியிருந்தாலும் அதே சந்தேகந்தான்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சில டியூப்களில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். சில வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து நரம்பு தெரியும், பரு வரும், முடி முளைக்கும், நிறுத்தினால் எரியும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை வாங்கக்கூடாது.

இப்படிப்பட்ட கிரீமை மாதக்கணக்கில் பூசிவரும் பிள்ளைக்குக் கால் வீங்கினாலோ, காலையில் கண் இமை ஊதியிருந்தாலோ, சிறுநீர் நுரைத்துப் போனாலோ தாமதிக்காமல் திருச்செந்தூர் அரசு மருத்துவமனைக்கோ, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். சிறுநீரில் புரதம் பார்க்கும் பரிசோதனை எளிதானது. போகும்போது அந்த டப்பாவையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை பயந்து மறைத்தால் திட்ட வேண்டாம். அதை வாங்கச் சொன்னது யார் பேச்சு என்பது அவளுக்குத் தெரியும்.