சிசேரியன் குழந்தையும் குடல் பாக்டீரியாவும்

சிசேரியனில் பிறந்த என் மகனுக்கு இப்போது 12 நாள். சுகப்பிரசவக் குழந்தைகளுக்குக் கிடைக்கும் நல்ல பாக்டீரியா இவனுக்குக் கிடைத்திருக்காதாமே? ப்ரோபயாடிக் சொட்டு மருந்து வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

வேண்டாம்மா. அந்தக் காசுக்கு நீங்கள் வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிடுங்கள். சிசேரியன் குழந்தையின் குடலில் ஆஸ்பத்திரிச் சூழலில் இருக்கும் பாக்டீரியா சற்றுக் கூடுதலாகக் குடியேறுவது உண்மைதான். ஆனால், பிரிட்டனில் 596 குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டவர்கள், ஒரு வயதுக்குள் இந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடுவதைக் கண்டார்கள்.

மருந்தே உங்கள் பாலில் இருக்கிறது. அதிலுள்ள ஒருவகைச் சர்க்கரை குழந்தைக்குச் செரிக்கவே செரிக்காது. அது பிஃபிடோபாக்டீரியாவுக்கான சாப்பாடு! அதைத் தின்று அவை உண்டாக்கும் அமிலத்தில் கெட்ட கிருமிகள் தாக்குப்பிடிப்பது கஷ்டம். தாய்ப்பால் பிள்ளையின் மலத்தில் லேசாகப் புளிப்பு வாடை அடிக்கிறதே, அது இவற்றின் வேலைதான்.

ஆகவே பால் மட்டும் கொடுங்கள். வெற்றுடம்போடு மார்பில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தோலில் உள்ள பாக்டீரியா அவனிடம் போய் ஒட்டட்டும். வீட்டுப் பெரியவர்கள் சர்க்கரைத் தண்ணீர், சேனை என்று சங்கோடு வந்தால் நாசூக்காகத் தடுத்துவிடுங்கள். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் பச்சிளம் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும்.