ஆணழகன் மேடையும் மைக்ரேனும்: தம்பிக்கு அக்கா தரும் டிப்ஸ்

தம்பி, சக்கர நாற்காலியில் இருந்துகொண்டோ, செயற்கைக் கால் மாட்டிக்கொண்டோ, சின்ன வயதில் போலியோ வந்த காலோடோ ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறாய். கூடவே மைக்ரேனும் இருக்கிறது. ஜிம் மாஸ்டர் உடம்பைப் பார்ப்பார், டாக்டர் தலைவலியைப் பார்ப்பார். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன செய்வது என்று உட்காரவைத்துச் சொல்ல இருவருக்குமே நேரம் இருப்பதில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

"இதெல்லாம் உனக்கு எதுக்குப்பா" என்று கேட்கிற உறவுக்காரர்களுக்கு லூதியானாவின் ஆனந்த் அர்னால்டைக் காட்டு. சிறுவயதில் முதுகுத்தண்டில் புற்றுநோய் வந்து நடக்க முடியாமல் போனவர். இந்தியாவின் முதல் சக்கர நாற்காலி பாடிபில்டர் என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள். மிஸ்டர் ஒலிம்பியாவிலேயே 2018-இல் சக்கர நாற்காலிப் பிரிவு தொடங்கிவிட்டார்கள். முதல் பட்டம் அமெரிக்கரான ஹெரால்டு கெல்லிக்கு. ஆகவே ஆசைப்படுவதில் தப்பே இல்லை. நம் பக்கத்துப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிப் பிரிவு சில இடத்தில் இருக்கும், சில இடத்தில் இருக்காது. பணம் கட்டும் முன்பே கேட்டுவிடு. மேடைக்குச் சாய்தளம் உண்டா என்றும் கேள். இல்லை, தூக்கித்தான் விடுவார்கள் என்றால் யார் தூக்குவது, நாற்காலியில் எங்கே பிடிப்பது என்பதை நீயே சொல்லிக் கொடு.

இனி முக்கியமான விஷயம். மைக்ரேன் உள்ள மூளைக்கு ஆகவே ஆகாதது திடீர் மாற்றம். தூக்கம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போனால் வலி. ஒருவேளைச் சாப்பாடு தவறினால் வலி. தினம் குடிக்கிற காபியை நிறுத்தினால் மறுநாளே வலி. ஆனால் போட்டித் தயாரிப்போ மாற்றத்தின் மேல் மாற்றம்: சோறு குறையும், உப்பு குறையும், பயிற்சி இரண்டு வேளையாகும், காலையில் சீக்கிரம் எழ வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை ஆரம்பித்தால் வியாழக்கிழமை நீ இருட்டறையில் படுத்திருப்பாய். அதனால் ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும். மற்றவர்கள் 12 வாரத்தில் தயாராகிறார்கள் என்றால் நீ 20 வாரம் எடுத்துக்கொள். தசை கரையாமல் கொழுப்பைக் குறைக்க, வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் வரை இறங்குவதே சரியான வேகம் என்பார்கள். 60 கிலோ ஆளுக்கு அது 300 முதல் 600 கிராம். நீ அந்த 300-இலேயே நில். மூன்று வேளையை ஐந்து சின்ன வேளையாகப் பிரித்துக்கொள். சுண்டல், முட்டை, மோர், ராகிக் கஞ்சி எது என்றாலும் கடிகாரம் பார்த்துச் சாப்பிடு.

தண்ணீரை நிறுத்துகிற பழக்கத்தைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். மேடைக்கு முந்தின நாள் தண்ணீரை நிறுத்தினால் நரம்பு தெரியும் என்று ஒவ்வொரு ஜிம்மிலும் ஒருவர் சொல்வார். உடம்பில் நீர் வற்றினால் தசைக்குள் இருக்கும் நீரும் சேர்ந்துதான் வற்றும். உருண்டு நிற்க வேண்டிய தசை சப்பையாகிவிடும். உனக்கு அதோடு தலைவலியும் வரும். மைக்ரேன் தடுப்புக்கு டோபிராமேட் சாப்பிடுகிறாயா? அந்த மாத்திரை வியர்வையைக் குறைக்கும், சிறுநீரகக் கல்லும் வரவைக்கும். அதைச் சாப்பிட்டுக்கொண்டே தண்ணீரைக் குறைப்பது பெரிய ஆபத்து. வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை: வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும். நீர் பிரியும் மாத்திரையைக் கையாலும் தொடாதே. அது ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் எப்போதும் இருக்கிற பொருள்.

முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் அடுத்து வருவதை இரண்டு முறை படியுங்கள். வீட்டில் இருப்பவர்களும் படிக்கட்டும். உன் மருத்துவச் சீட்டில் அடிபட்ட முள்ளெலும்பு டி6 அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருந்தால், திடீரென்று மண்டை இடிக்கிற தலைவலி வரும்போது அதை மைக்ரேன் என்று முடிவுகட்டிவிடாதே. ஆட்டோனாமிக் டிஸ்ரெப்ளெக்சியா என்ற நிலையாக இருக்கலாம். அடிபட்ட இடத்துக்குக் கீழே ஏதோ ஒரு தொந்தரவு இருக்கும்: சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும், குழாய் மடங்கியிருக்கும், மலச்சிக்கல் இருக்கும், படுக்கைப்புண் இருக்கும், அல்லது பயிற்சிக்காகக் கட்டிய பெல்ட் இறுக்கும். உனக்கு அந்த வலி தெரியாது, ஆனால் உடம்பு ரத்த அழுத்தத்தைக் கிடுகிடுவென ஏற்றிவிடும். முகம் சிவக்கும், கழுத்துக்கு மேல் வியர்க்கும். சும்மா இருக்கும்போது உன் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90, 100 என்றுதான் இருக்கும். ஆகவே 130 என்று காட்டினாலும் உனக்கு அது அதிகம். உடனே நிமிர்ந்து உட்கார், காலைத் தொங்கவிடு, பெல்ட்டையும் பட்டையையும் தளர்த்து, சிறுநீர்ப்பையைக் காலி செய். இறங்கவில்லை என்றால் 108. இந்த நேரத்தில் மைக்ரேனுக்கான டிரிப்டான் மாத்திரையைப் போட்டுவிடக் கூடாது. அது ரத்தக்குழாயைச் சுருக்குகிற மருந்து. பலம் கூடும் என்று வேண்டுமென்றே இந்த நிலையை வரவழைக்கிற விளையாட்டு வீரர்கள் வெளிநாட்டில் உண்டு. பாராலிம்பிக்கில் அதைத் தடை செய்திருக்கிறார்கள், ஏனென்றால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகும்.

சமையலறையில் மாத காலண்டர் ஒன்று தொங்கவிடு. தலைவலி வந்த நாளில் ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளில் ஒரு பெருக்கல் குறி. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது மைக்ரேன் போல, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால் அது நாள்பட்ட மைக்ரேன். தடுப்பு மருந்து தேவைப்படும். பெருக்கல் குறியை இன்னும் கவனமாக எண்ணு. டிரிப்டானோ, எர்காட்டமினோ, பல மருந்து கலந்த மாத்திரையோ மாதத்தில் 10 நாளைத் தொட்டால், வெறும் பாராசிட்டமால் 15 நாளைத் தொட்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். மருந்துக் கடையில் பெயர் சொல்லி வாங்கி விழுங்குகிற பழக்கம் நம் ஊரில் அதிகம். பாடி ஏற்றுகிற காலத்தில் அது இன்னும் கூடும், ஏனென்றால் ஒரு நாள் பயிற்சியைக்கூட விட மனசு வராது.

தடுப்பு மருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். புரோப்ரனோலால் சாப்பிட்டால் இதயத் துடிப்பு அதிகம் ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பிப் பயிற்சியைக் கூட்டாதே, மூச்சு வாங்குவதை வைத்து அளந்துகொள். ஃப்ளூனரிசின், அமிட்ரிப்டிலின் இரண்டும் பசியையும் எடையையும் கூட்டும். இதை மாஸ்டரிடம் சொல்லாவிட்டால் நீ திருட்டுத்தனமாகத் தின்கிறாய் என்று நினைத்துக்கொள்வார். எடை ஏறுகிறதே என்று நீயாக மாத்திரையை நிறுத்தாதே. போட்டித் தேதியை டாக்டரிடம் சொல்லிக் கேட்டால் வேறு மருந்துக்கு மெதுவாக மாற்றித் தருவார். பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கிற பவுடரில் ஒரு கரண்டிக்கே 200, 300 மில்லிகிராம் கேஃபீன் இருப்பது சாதாரணம். உனக்கு அது வேண்டாம். காலையில் ஒரு பில்டர் காபி, தினமும் அதே நேரம், அதே அளவு. ஞாயிற்றுக்கிழமையும்தான்.

தங்கச்சிகளுக்கும் ஒரு வார்த்தை. மைக்ரேன் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். கண்ணில் மின்னல் கோடு தெரிந்து வலி வருகிறவர்கள் கருத்தடை மாத்திரை சாப்பிடும் முன் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். பக்கவாத அபாயம் இருக்கிறது. கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் டோபிராமேட், வால்ப்ரோயேட் கூடாது.

சென்னையில் நம் ஏரியா ஜிம்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கமும் ஆவடிப் பக்கமும் பாதி ஜிம் மாடியில், தகர ஷீட்டுக்குக் கீழே. படி ஏறுவது ஒரு பிரச்சினை, ஏப்ரல் மே வெயில் இன்னொன்று. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, சூடு உள்ளேயே தங்கும். ஆகவே தரைத்தளத்து ஜிம்மாகப் பார்த்து, காலை ஐந்தரை ஆறுக்குப் போய்விடு. தண்ணீர் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலும் ஈரத் துண்டும் பையில் இருக்கட்டும். மினுக்குகிற டியூப்லைட்டுக்கு அடியில் பெஞ்சைப் போடாதே, ஸ்பீக்கர் பக்கமும் வேண்டாம். மாஸ்டரிடம் கேட்டால் நகர்த்தித் தருவார். கால் மணி நேரம் உடம்பைச் சூடேற்றிவிட்டுத்தான் எடை. மூச்சை அடக்கித் தூக்காதே, தூக்கும்போது வெளியே விடு. தூக்குகிற நொடியில் தலையில் இடி விழுந்தது போல, இதுவரை வராத வலி வந்தால் அன்றே மருத்துவமனை. "சரியாயிடும்" என்று வீட்டுக்கு வராதே.

நாற்காலியைத் தள்ளுவதே தோளுக்கும் கழுத்துக்கும் நாள் முழுக்க வேலை. அதற்கு மேல் பெஞ்ச் பிரஸ் மட்டும் செய்துகொண்டிருந்தால் கழுத்து இறுகி, அங்கிருந்தே வலி கிளம்பும். தள்ளுகிற பயிற்சி ஒன்று என்றால் இழுக்கிற பயிற்சி இரண்டு வை. செயற்கைக் கால் போட்டவர்களுக்கு எடை இறங்கும்போது மிச்சக் காலும் மெலியும், சாக்கெட் லொடலொடக்கும், தோல் உரியும். கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் காட்டிச் சரிசெய்துகொள். தலைவலிக்கு அம்பத்தூரிலிருந்தோ ஆவடியிலிருந்தோ மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல். எதிரேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, நரம்பியல் பிரிவு. எஸ்டேட் கம்பெனியில் வேலை பார்க்கிறாய் என்றால் இ.எஸ்.ஐ. உண்டா என்று பார். மற்றவர்களுக்குச் சம்பள வரம்பு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. பலருக்கு இது தெரியாமலே போகிறது.

போட்டி நாள். மாலை நான்கு மணி என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள், உன் பிரிவு ஒன்பதுக்கு மேல் வரலாம். அந்த ஐந்து மணி நேரம்தான் உன்னைச் சாய்க்கும். வீட்டிலிருந்தே மூன்று வேளைக்கு டப்பா கட்டிக்கொள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, காதில் வைக்கப் பஞ்சு எடுத்துக்கொள். மேடை விளக்கை அண்ணாந்து பார்க்காமல் நடுவர் மேசையைப் பார்த்து போஸ் கொடு. உடம்பில் பூசுகிற நிறச்சாயமும் எண்ணெயும் வாசனை இல்லாததாக வாங்கி, இரண்டு வாரத்துக்கு முன்பே ஒரு தடவை பூசிப் பார். உட்காருகிற இடத்தில் தோல் கெடாமலிருக்க அவ்வப்போது கையூன்றி எழும்பு. கூட வருகிற ஆளிடம் உன் மாத்திரைப் பெயர், அடிபட்ட முள்ளெலும்பு, டாக்டர் போன் நம்பர் எழுதிய தாளைக் கொடு. கண்ணில் மின்னல் கோடு தெரிந்துவிட்டதா, டாக்டர் சொன்ன மாத்திரையை உடனே போட்டு நிழலில் படு. மேடைக்கு நேரமிருந்து, தலை தெளிந்தால் போ. தெளியாவிட்டால் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்.

போட்டி முடிந்த மறுநாளும் வலி வரலாம், இறுக்கம் தளர்கிறபோது வருவது மைக்ரேனின் இயல்பு. அன்று இரவு பிரியாணி சாப்பிடலாம், பாதி அளவு. மறுநாள் வழக்கமான நேரத்துக்கே எழுந்துவிடு. பத்து நாள் கழித்துக் காலண்டரை எடுத்துக்கொண்டு டாக்டரிடமும் மாஸ்டரிடமும் போ. தயாரிப்பு மாதங்களில் புள்ளிகள் கூடியிருந்தால் அடுத்த போட்டிக்கு இன்னும் நான்கு வாரம் முன்னதாகவே தொடங்க வேண்டும்.