கிணற்று நீரில் தாமிரம்: எந்த மின்வாயைத் தேர்ந்தெடுப்பது?

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை தெளிப்பார்கள். அதிலுள்ள தாமிரம் மண்ணில் தங்கும், நீரிலும் கலக்கலாம். குடிநீரில் தாமிரம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தரநிலை. குச்சனூர்ப் பக்கத்துக் கிணறுகளைச் சோதிக்க நினைக்கும் கல்லூரி மாணவர்களுக்கு, ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறியும் மின்வாய்கள் ஏற்றவை. கார்பன் பரப்பில் தாமிரத்தைப் படியவைத்து, பிறகு அதைக் கரைக்கும்போது எழும் மின்னோட்டத்தை அளப்பதுதான் முறை. தூக்கி எறியப்போகும் பொருள் என்பதாலேயே அதை எதில் செய்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

கடைப் பட்டை: சுகர் ஸ்ட்ரிப் போல பிளாஸ்டிக்கில் கார்பன் மையும் வெள்ளி மையும் அச்சிட்டது. ஒன்றுக்கொன்று அளவு மாறாது. விலை அதிகம், பிளாஸ்டிக் மக்காது, வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு.

பென்சில் லெட்: மைக்ரோடிப் பென்சிலின் 0.5 மி.மீ. லெட்டே மின்வாய் ஆகிவிடும். மேல்பகுதியில் நகப்பூச்சு தடவி, கீழே 1 செ.மீ. மட்டும் திறந்து விடுங்கள். நனையும் பரப்பு மாறினால் மின்னோட்டமும் மாறும். பழகுவதற்கும் சில மாதிரிகளுக்கும் இதுவே போதும்.

காகிதம்: வடிதாளில் மெழுகால் எல்லை கட்டி, கல்யாணப் பத்திரிகை அச்சிடும் ஸ்கிரீனிலேயே கார்பன் மை இடலாம். சிவகங்கையில் கிடைக்கும் கிராஃபைட்டின் நுண்பொடியையும் கார்பன் கருமையையும் எத்தனாலில் கரைத்த அரக்கில் குழைத்தால் மை தயார். அரக்கு காரக் கரைசலில் கரைந்துவிடும். தாமிரச் சோதனைக்கான அசிட்டேட் தாங்கல் கரைசல் அமிலத்தன்மை உள்ளது, எனவே தாங்கும். ஊர் ஊராக நிறைய மாதிரி எடுப்பவர்களுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

லேசர்: 2014இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர் பாலிஇமைடு படலத்தை லேசரால் கிராஃபீனாக்கினார்கள், 2018இல் காகிதத்திலும் தேங்காய்ச் சிரட்டையிலும் செய்து காட்டினார்கள். மையே வேண்டாம். ஆனால் பாலிஇமைடும் பிளாஸ்டிக்தான். லேசர் வெட்டும் இயந்திரம் ஏற்கெனவே இருக்கும் கல்லூரிகள் மட்டும் சிரட்டையில் முயலலாம்.

எதை எடுத்தாலும் இரண்டைக் கவனியுங்கள். ஒப்பீட்டு மின்வாயாக அச்சிடும் வெள்ளி மைக்குப் பதில், கழுவித் திரும்பப் பயன்படுத்தும் கண்ணாடி ஒப்பீட்டு மின்வாயை வையுங்கள். ஈயம் அளக்கப் பாதரசத்துக்கு மாற்றாகப் பிஸ்மத் நல்லது. தாமிரத்துக்கு அதைப் பூசாதீர்கள், இரண்டின் மின்னோட்டச் சிகரங்களும் நெருங்கிக் குழப்பும்.

ஒரே தொகுதியில் ஐந்து மின்வாய்களை எடுத்து, அளவு தெரிந்த தாமிரக் கரைசலில் சோதியுங்கள். ஐந்தும் ஏறக்குறைய ஒரே விடை தந்தால்தான் அந்தத் தொகுதியைக் கிணற்றுக்குக் கொண்டுபோகலாம். மக்கும் காகிதமே ஆனாலும், ஒரு விடைக்கு மூன்று பட்டை செலவானால் அதில் சிக்கனமும் இல்லை, பசுமையும் இல்லை. சோதித்த கரைசலைக் குச்சனூரின் சுரபி நதியிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் தனிப் புட்டியில் சேர்த்து, கல்லூரியின் உலோகக் கழிவோடு ஒப்படையுங்கள். அளவு மீறிய கிணற்று நீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மறுபடி சோதித்து உறுதி செய்த பிறகே அந்த வீட்டாரிடம் சொல்லுங்கள்.