தாய்மாருக்காகக் கேட்போம்

இரவில் வலி கண்ட தாயை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடிய அனுபவம் இடம்பெயர்ந்து வாழும் நம்மில் பலருக்கு உண்டு. பிள்ளை சுகமாய்ப் பிறந்தால் ஆண்டவருக்கு நன்றி சொல்லி, அதை மறந்துவிடுகிறோம். அடுத்த தாய்க்கும் அதே பெட்டிதான். ஒருவருக்காக உதவி கேட்பது ஒன்று. எல்லாருக்கும் பயன்படும் ஒழுங்கைக் கேட்பது வேறொன்று. இந்தப் பாடத்தில் இரண்டாவதைச் சிந்திப்போம்.

கூடாரத்தில் வாழ்ந்த சகோதரிகள்

எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தை வாசிப்போம். செலோப்பியாத்தின் புதல்வியர் ஐவரும் நிலமின்றி, வனாந்தரத்தில் கூடாரங்களில் வாழ்ந்தவர்கள். ஆண்பிள்ளை இல்லாத தகப்பனின் பங்கைத் தமக்குத் தரும்படி மோசேயின் முன்னும் சபையார் முன்னும் நின்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்றார் ஆண்டவர். அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. அதோடு, மக்கள் அனைவருக்கும் அதுவே சட்டமாயிற்று.

நம் நாட்டில் நடந்தது

வீடு தேடி வரும் குடும்பநல மாது தானாக வந்தவர் அல்லர். இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைந்தது. அதில் முன்னின்றவர்களில் டாக்டர் மேரி இரட்ணமும் ஒருவர். 1931இல் 21 வயது நிரம்பிய ஆண்களும் பெண்களும் வாக்களித்தனர். வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் கிராமங்கள் வைத்தியசாலையும் மருத்துவமாதும் கேட்கத் தொடங்கின.

1930களில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2015இல் அது 40க்கும் குறைவு. மலேரியாக் கட்டுப்பாடும் புதிய மருந்துகளும் இதற்கு உதவின. ஆயினும் தாய்மாருக்கான சேவையைக் குடிசை வரை கொண்டு சேர்த்தவர் மருத்துவமாதே.

மலையகத்தைப் பாருங்கள். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்கும் இழந்தனர். அவர்களின் சுகாதாரம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. தாய்சேய் நலத்தில் தோட்டங்கள் பின்தங்கின. 1977, 1983 வன்செயல்களின் பின் வன்னிக்கு வந்த குடும்பங்கள் இதை அறிவர். குரல் எட்டாத இடத்துக்குச் சேவையும் பிந்தியே வரும்.

நாம் செய்யக்கூடியவை

1. கணக்கெடுப்போம். நம் குடியிருப்பில் எத்தனை கர்ப்பிணித் தாய்மார்? பிரசவ மாதம் எது? கிளினிக் எத்தனை மைல்? பஸ் எந்த நேரம்? கடந்த ஆண்டில் வழியில் பிறந்த பிள்ளைகள் எத்தனை?

2. அறிந்துகொள்வோம். நாம் எந்தச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுக்கு உரியவர்கள்? அங்கு குடும்பநல மாது பதவி வெற்றிடமாக உள்ளதா? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி இதை எழுத்தில் கேட்கலாம்.

3. எழுதுவோம். கோரிக்கை ஒன்று அல்லது இரண்டு போதும்: "மாதம் இருமுறை நடமாடும் கிளினிக்", "வெற்றிடத்துக்கு மருத்துவமாது." கணக்கையும் கையொப்பங்களையும் சேர்த்து, சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புவோம். பிரதேச செயலாளருக்கும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் பிரதிகள் அனுப்பி, ஒரு பிரதியை நாமும் வைத்திருப்போம்.

4. சேர்ந்து போவோம். காலபோகக் கூட்டத்தில் தண்ணீர் திறந்துவிடும் திகதியை எழுதி வாங்காமல் நாம் எழும்புவதில்லை. இதிலும் அப்படியே பதில் தரும் திகதியைக் கேட்போம். தாய்மாரே பேசட்டும்; ஆண்கள் பக்கத்தில் நிற்கட்டும்.

பதில் வரும்வரை தாய்மார் காத்திருக்க முடியாது. நாம் இப்போது வசிக்கும் பகுதியின் குடும்பநல மாதிடம் ஒவ்வொரு கர்ப்பிணியையும் நேரத்தோடு பதிவுசெய்வோம். அவசரத்துக்கு 1990 இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

கலந்துரையாடுவோம்

அ. ஐந்து சகோதரிகளும் தனித்தனியே போயிருந்தால் என்ன நடந்திருக்கும்?

ஆ. நம் குடியிருப்பில் அடுத்துப் பிரசவிக்கப்போகும் தாய் யார்? அவருக்காக இந்த வாரம் நாம் செய்யப்போவது என்ன?