லேப் பணியாளர்களுக்கு இலக்கு வைப்பது எப்படி?

மருத்துவமனை லேப்களின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்களைப் புரட்டினால் திரும்பத் திரும்ப ஒரே வாக்கியங்கள்தான் கண்ணில் படும். "தரத்தை மேம்படுத்த வேண்டும்." "ரிப்போர்ட் தாமதமாகக் கூடாது." "தவறுகளைக் குறைக்க வேண்டும்." வருடக் கடைசியில் அந்தப் படிவத்தைக் கையில் எடுக்கும் லேப் இன்சார்ஜுக்கு, அந்த டெக்னீஷியன் இதையெல்லாம் செய்தாரா இல்லையா என்று சொல்ல வழியே இருக்காது. எல்லோருக்கும் 'நன்று' போட்டு மூடிவிடுவார். உயிரைக் கொடுத்து வேலை பார்த்தவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் வேண்டாம்.

லேபின் நோக்கங்கள் அளக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 15189 தரநிலையின் 2022 பதிப்பு தெளிவாகக் கேட்கிறது. என்.ஏ.பி.எல். அங்கீகாரத்துக்குத் தயாராகும் எல்லா லேப்களுக்கும் இது தெரியும். லேபுக்கென்று எழுதிய நோக்கத்தைத் தனி ஆளின் இலக்காகப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இப்போதைய நிலை

இலக்கு எழுதுவதற்கு முன் மூன்று மாதக் கணக்கை எடுங்கள். கம்ப்யூட்டரில் இருந்தால் அங்கிருந்து, இல்லையென்றால் ரிஜிஸ்டரிலிருந்து. இரவு ஷிப்டும் ஞாயிற்றுக்கிழமையும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். இன்றைய எண் தெரியாமல் எழுதும் இலக்கு வெறும் ஆசை.

கடிகாரம் எங்கே தொடங்குகிறது?

எல்லோரும் முதலில் கை வைப்பது ரிப்போர்ட் வெளிவரும் நேரத்தில்தான். 'அவசரப் பிரிவு பொட்டாசியம் ஒரு மணி நேரத்துக்குள்' என்று சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். எந்த ஒரு மணி நேரம்? டாக்டர் டெஸ்ட் எழுதியதிலிருந்தா, ரத்தம் எடுத்ததிலிருந்தா, சாம்பிள் லேபுக்கு வந்ததிலிருந்தா? இதைச் சொல்லாமல் விட்டால் முதல் கூட்டத்திலேயே சண்டை வரும்.

"அண்ணா, வார்டுல ஒம்பது மணிக்கு ரத்தம் எடுத்துட்டு பத்தரைக்குக் கொண்டு வர்றாங்க. அதுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?" என்று டெக்னீஷியன் கேட்பார். அவர் கேட்பது நியாயம்.

நேரத்தை மூன்று துண்டாக வெட்டுங்கள். ரத்தம் எடுத்ததிலிருந்து லேபில் பார்கோடு ஸ்கேன் ஆகும் வரை ஒன்று. அது ரத்தம் எடுப்பவருக்கும் சாம்பிள் கொண்டு வருபவருக்கும் உரியது, நர்சிங் சூப்பரின்டென்டன்டும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்கேன் ஆனதிலிருந்து அனலைசரில் முடிவு வரும் வரை இரண்டாவது. டெக்னீஷியனின் இலக்கு இது மட்டும்தான். முடிவு வந்ததிலிருந்து டாக்டர் சரிபார்த்து வெளியிடும் வரை மூன்றாவது. பல லேப்களில் ரிப்போர்ட் தூங்குவது இந்த மூன்றாவது துண்டில்தான். ஆனால் கையெழுத்துப் போடும் டாக்டருக்கு யாரும் இலக்கு வைப்பதில்லை. அவருக்கும் வையுங்கள். வைக்க முடியாது என்றால் டெக்னீஷியனுக்கும் வைக்காதீர்கள்.

அடுத்து, வேதியியல் அனுமதிக்கிற நேரத்தைப் பாருங்கள். சீரம் குழாயில் ரத்தம் உறைய ஏறத்தாழ அரை மணி நேரம் வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் சுற்ற இன்னும் பத்து நிமிடம். இந்த நிலையில் 'வந்து முப்பது நிமிடத்தில் பொட்டாசியம்' என்று எழுதினால் என்ன நடக்கும்? பாதி உறைந்த ரத்தத்தைத் தூக்கிச் சுற்றுவார்கள். ஃபைப்ரின் இழை அனலைசரின் ஊசியில் அடைத்துக்கொள்ளும், அன்று காலை முழுவதும் வீண். வேகம் வேண்டுமென்றால் அவசரப் பிரிவுக்கு லித்தியம் ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாயைக் கொடுங்கள். அதில் உறையக் காத்திருக்க வேண்டாம். குழாயை மாற்றிக் கொடுக்காமல் ஆளை மட்டும் விரட்டுவது நிர்வாகம் ஆகாது.

சராசரி நேரத்தை இலக்காக வைக்கவே வைக்காதீர்கள். இருபது அவசர சாம்பிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு 40 நிமிடத்தில் முடிந்தன, நான்கு 140 நிமிடம் எடுத்தன. சராசரி சரியாக 60. இலக்கு எட்டியாயிற்று என்று கூட்டத்தில் கைதட்டலாம். ஆனால் நான்கு நோயாளிகள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார்கள். 'நூற்றுக்குத் தொண்ணூறு சாம்பிள் இத்தனை நிமிடத்துக்குள்' என்று எழுதினால் இந்த நால்வர் மறைய முடியாது. அதே கணக்கு 80 சதவீதம் என்று காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு எண்ணுக்கு ஒரு காவல் எண்

வேகத்துக்கு மட்டும் இலக்கு வைத்தால் ஆட்கள் வேகத்தை மட்டும் தருவார்கள். சில இடங்களில் ஒரு பழக்கம் உண்டு. வந்த சாம்பிளை ஸ்கேன் செய்யாமல் ரேக்கில் வைத்துவிட்டு, அனலைசர் காலியான பிறகு ஸ்கேன் செய்வார்கள். கணினிக் கணக்கில் அன்று லேப் பறக்கும். இதைப் பிடிக்க, ரத்தம் எடுத்த நேரத்துக்கும் ஸ்கேன் நேரத்துக்கும் உள்ள இடைவெளியை அதே தாளில் பக்கத்திலேயே போடுங்கள். வெளியிட்ட பிறகு திருத்திய ரிப்போர்ட்டுகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் போடுங்கள். வேகம் கூடும்போது அந்த எண்ணும் கூடினால் இலக்கை உடனே தளர்த்துங்கள்.

சாம்பிள் நிராகரிப்பில் இந்தத் தப்பு இன்னும் ஆபத்தானது. 'ரிஜெக்‌ஷனைக் குறைக்க வேண்டும்' என்று சாம்பிள் வாங்கும் மேசையில் இருப்பவரிடம் சொன்னால், அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: மோசமான சாம்பிளையும் வாங்கிக்கொள்வது. நீல மூடி சிட்ரேட் குழாயில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு மருந்து என்ற விகிதம் வேண்டும். பாதி நிரம்பிய குழாயை வாங்கினால் உறைதல் நேரம் பொய்யாக நீளும். வார்ஃபரின் சாப்பிடும் நோயாளியின் மருந்தளவு அந்தப் பொய்யை வைத்து மாறும். நிராகரிப்பைக் குறைக்கும் இலக்கு ரத்தம் எடுப்பவருக்கே உரியது. வாங்கும் மேசைக்கு வேறு இலக்கு: நிராகரித்த ஒவ்வொரு சாம்பிளுக்கும் காரணமும், வார்டுக்குச் சொன்ன நேரமும் எழுதியிருக்க வேண்டும்.

ரத்தம் எடுப்பவருக்கு நான் முதலில் வைப்பது ஹீமோலைசிஸ் இலக்கு. பொட்டாசியத்தையும் எல்.டி.எச்.சையும் பொய்யாக ஏற்றிவிடுவது அது. இரண்டு சதவீதத்துக்குள் என்பது அமெரிக்க லேப் வட்டாரத்தில் புழங்கும் அளவுகோல். உங்கள் அவசரப் பிரிவில் இன்று எட்டு என்றால், அடுத்த காலாண்டுக்கு ஆறு என்று எழுதுங்கள், இரண்டு என்று எழுதாதீர்கள். கண்ணால் பார்த்துச் சிவப்பு என்று முடிவு செய்வதானால் காலை ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் இரண்டு எண் வரும். அனலைசர் தரும் ஹீமோலைசிஸ் இண்டெக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.வி. கேனுலாவிலிருந்து இழுத்த சாம்பிளைத் தனியாக எண்ணுங்கள், அதில் ஹீமோலைசிஸ் அதிகம். ஊசி குத்தும் ஆளைக் குறை சொல்வதற்கு முன் அந்த வழக்கத்தை வார்டோடு பேசி மாற்ற வேண்டும்.

க்யூசிக்கு 'பூஜ்யம்' எழுதாதீர்கள்

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. 'கன்ட்ரோல் வரம்பு தாண்டுவது பூஜ்யமாக இருக்க வேண்டும்' என்று இலக்கு எழுதும் லேப்கள் இன்னும் இருக்கின்றன. கருவி முழு ஆரோக்கியத்தோடு இருந்தாலே இரண்டு எஸ்.டி. எல்லைக்கு வெளியே நூற்றுக்கு நான்கு, ஐந்து முறை கன்ட்ரோல் விழத்தான் செய்யும். அது கணிதம், யாருடைய அலட்சியமும் இல்லை. பூஜ்யம் கேட்டால், உள்ளே விழும் வரை கன்ட்ரோலைத் திரும்பத் திரும்ப ஓட்டி, நல்லதை மட்டும் லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில் புள்ளி வைப்பார்கள். அழகான சார்ட் கிடைக்கும், கருவி மெல்ல நழுவுவது யாருக்கும் தெரியாது. கேட்க வேண்டியது இது: வெஸ்ட்கார்ட் விதிப்படி நிராகரிக்க வேண்டிய ஒவ்வொரு முறையும், நோயாளி முடிவை வெளியிடுவதற்கு முன், என்ன பார்த்தோம், என்ன செய்தோம் என்ற பதிவு இருக்க வேண்டும். இதற்கு நூறு சதவீதம் கேட்கலாம், ஏனென்றால் இது முழுக்க டெக்னீஷியன் கையில் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. நடத்துவது போன்ற வெளித்தரச் சோதனைகளுக்கும் இதே வழி. மதிப்பெண்ணுக்கு இலக்கு வைக்காமல், எல்லை தாண்டிய முடிவை ஆராய்ந்து எழுதும் நாளுக்கு இலக்கு வையுங்கள்.

நூறு சதவீதம் கேட்கக்கூடிய இன்னொன்று கிரிட்டிக்கல் வேல்யூ. ஆபத்தான முடிவை இத்தனை நிமிடத்துக்குள் போனில் சொல்வது, எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பது, அவர் பெயரையும் நேரத்தையும் எழுதுவது. வார்டில் போனையே எடுக்கவில்லை என்றால், கூப்பிட்ட நேரங்களை எழுதியிருந்தாலே டெக்னீஷியன் தன் இலக்கை எட்டியவர்தான்.

தவறுகளைப் பணியாளர்கள் தாமாக வந்து சொல்லும் எண்ணிக்கைக்குக் குறைப்பு இலக்கு கூடவே கூடாது. குறைப்பு கேட்டால் குறைவது தவறு அல்ல, சொல்வது.

சின்ன லேபுக்கு ஒரு எச்சரிக்கை

ரத்தக் கல்ச்சரில் தோல் கிருமி கலப்பது மூன்று சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் அளவுகோல். மாதம் நாற்பது கல்ச்சர் மட்டும் வரும் லேபில் ஒன்று கலந்தால் 2.5 சதவீதம், இரண்டு கலந்தால் 5. ஒரே ஒரு கல்ச்சருக்காக ஒருவரைப் 'பாஸ்' என்றோ 'ஃபெயில்' என்றோ சொல்வது முறையில்லை. மூன்று மாதத்தைச் சேர்த்துப் பாருங்கள், ஆள்வாரியாகப் பிரிக்காதீர்கள்.

எழுதுவது

ஓர் ஆளுக்கு மூன்று இலக்குக்கு மேல் வேண்டாம். தமிழில், ஒரே வாக்கியத்தில், உதாரணத்துக்கு இப்படி: 'ஜூலை முதல் செப்டம்பர் வரை, அவசரப் பிரிவின் பச்சைக் குழாய் பொட்டாசியம் சாம்பிள்களில் நூற்றுக்குத் தொண்ணூறு, ஸ்கேன் ஆனதிலிருந்து 30 நிமிடத்துக்குள் முடிவு; கணக்கு கம்ப்யூட்டரிலிருந்து, கருவி பழுதான நேரம் நீங்கலாக.' கடைசித் துண்டை விட்டுவிடாதீர்கள், தகராறெல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். 'ஸ்மார்ட்' இலக்கு என்று வகுப்பில் ஐந்து எழுத்தை ஒப்பிக்கச் சொல்வார்கள். அதை 1981-ல் எழுதிய ஜார்ஜ் டோரனே, ஐந்தும் எல்லா இலக்கிலும் இருந்தாக வேண்டும் என்று சொல்லவில்லை.

எழுதிய தாளை அந்த டெக்னீஷியனிடமே கொடுத்து, "இதில் உங்கள் கையில் இல்லாதது எது?" என்று கேளுங்கள். அவர் அடித்த வரியை அவர் எதிரிலேயே நீக்குங்கள் அல்லது உரியவருக்கு மாற்றுங்கள்.

பார்ப்பது

மாதம் ஒரு முறை, பத்து நிமிடம். திங்கட்கிழமை காலை வேண்டாம், வெளிநோயாளிக் கூட்டம் அதிகம். சுவரில் லேபின் எண் இருக்கட்டும், ஆள் பெயர் வேண்டாம். இலக்கு தவறினால் முதல் கேள்வி குழாய், கருவி, ஆள் பலம் பற்றியதாக இருக்கட்டும்.

இந்த எண்களை முதல் ஆண்டில் சம்பள உயர்வோடு கட்டாதீர்கள். கணக்கு எடுக்கும் முறையே அப்போதுதான் பழகிக்கொண்டிருக்கும், தப்புக் கணக்கில் ஒருவரின் சம்பளம் போய்விடக் கூடாது. இரவு ஷிப்டில் தனி ஆளாக ரத்தம் எடுத்து, ஓட்டி, போனும் பேசுகிறவருக்குப் பகல் ஷிப்டின் அதே எண்ணைக் கொடுக்காதீர்கள். அவருடைய மூன்று மாதக் கணக்கைத் தனியாக எடுத்து, அதிலிருந்து அவருக்கென்று ஓர் இலக்கை எழுதுங்கள்.